நிலத்தடி நீரைப் பற்றி மக்கள் மனசில் இருக்கும் படத்தை வெளியே எடுப்பது எப்படி

திருவான்மியூரிலோ வேளச்சேரியிலோ ஒரு அபார்ட்மென்டில் நுழைந்து, "நிலத்தடி நீர்னா என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மழை பெய்யும், மண்ணுக்குள் இறங்கும், கிணற்றில் ஊறும் என்று பள்ளிக்கூடப் பாடம் அப்படியே வரும். பதிலில் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் போரை இன்னும் 40 அடி இறக்கலாமா, மழைநீர்க் குழியைத் தூர்வாரப் பணம் போடலாமா என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வரும்போது அவர் அந்தப் பாடத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. அப்போது வேறொரு படம் அவர் தலைக்குள் ஓடுகிறது. அந்தப் படத்தில் பூமிக்கடியில் ஓர் ஆறு ஓடலாம். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகத் தடுத்துக் கட்டிய பெரிய சம்ப் இருக்கலாம். அந்த இரண்டாவது படத்தை எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தண்ணீரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சென்னையில் தண்ணீரைப் பற்றிப் படம் இல்லாத வீடே கிடையாது.

தலைக்குள் ஓடும் இந்தப் படத்தை ஆங்கிலத்தில் மென்டல் மாடல் என்கிறார்கள். மனப்படம் என்றே வைத்துக்கொள்வோம். கென்னத் கிரெய்க் என்ற உளவியலாளர் 1943-ல் இந்தக் கருத்தைத் தெளிவாக எழுதினார்: மனிதன் வெளியுலகத்தின் சின்ன மாதிரி ஒன்றைத் தலைக்குள் வைத்திருக்கிறான், எதையும் செய்வதற்கு முன் அதை உள்ளேயே ஓட்டிப் பார்க்கிறான். இதில் 'ஓட்டிப் பார்ப்பது'தான் முக்கியமான இடம். ஓடும் பொருளின் பெயரைக் கேட்டால் பெயர் மட்டும்தான் வரும். ஓட்டிக் காட்டச் சொன்னால்தான் அது எப்படி ஓடுகிறது என்று தெரியும்.

வில்லெட் கெம்ப்டன் 1986-ல் அமெரிக்க வீடுகளில் அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மக்கள் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் தெர்மோஸ்டாட் ஒரு திருகு: அதிகமாகத் திருப்பினால் அதிகச் சூடு வேகமாக வரும். மற்றொன்றில் அது ஒரு சுவிட்ச்: குறித்த வெப்பம் வரும்வரை ஹீட்டர் ஓடும், வந்ததும் நிற்கும். முதல் படத்தை நம் ஊரில் தேட வேண்டியதில்லை. வெயிலில் வந்தவர் ரிமோட்டை 16-க்கு இறக்குவது அதனால்தான். பழைய வகை ஏசியில் கம்ப்ரஸர் ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். அதனால் 16 வைத்தாலும் 24 வைத்தாலும் அறை 24-க்கு இறங்க ஆகும் நேரம் ஒன்றுதான். இன்வெர்ட்டர் ஏசியில் கதை மாறுகிறது. குறித்த வெப்பத்தை நெருங்க நெருங்க அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், 'கீழே வைத்தால் சீக்கிரம் குளிரும்' என்ற நம்பிக்கை அங்கே பாதி சரி. ஆராய்ச்சிக்குப் போகிறவர் இந்த வித்தியாசத்தை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியாகச் சொன்னவரைத் தவறு என்று எழுதிவிட்டு வருவார். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் திருகுப் படம் வைத்திருப்பவர் ரிமோட்டை எடுத்ததும் முதலில் செய்வது அந்த 24-ஐ இறக்குவது.

'ஏன்' என்று நேராகக் கேட்டால் என்ன என்று தோன்றும். நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் மிக அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, நேர்த்தி என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மனிதர்கள் காரணம் தருவார்கள். அது முடிவை உண்டாக்கிய காரணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் மனப்படத்தை எடுக்கும் முறைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஏதாவது ஒன்றைச் செய்யவைப்பது. பட்டியல் சொல்ல, சீட்டு பிரிக்க, வரைய, முன்கூட்டிச் சொல்ல.

முதலில் பட்டியல். ஃப்ரீ லிஸ்டிங் என்பார்கள். 20 முதல் 30 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். கேள்வியை எழுதிவைத்து எல்லோரிடமும் அதே சொற்களில் கேட்க வேண்டும்: "சென்னையில வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்தெல்லாம் வருது? தோணுறதையெல்லாம் சொல்லுங்க." 'முக்கியமானது' என்ற சொல் கேள்வியில் வரக்கூடாது, வந்தால் அவர் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார், மனசில் வரும் வரிசை போய்விடும். சொல்வதைச் சொன்ன வரிசையிலேயே, சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் நிறுத்தியதும் தாளில் ஒரு கோடு போடுங்கள். அதன்பிறகு பட்டியலை மெதுவாகத் திரும்பப் படித்துக்காட்டினால் இன்னும் சில வரும். "கேன்னு சொன்னீங்களே, கேன் மாதிரி வேற ஏதாவது?" என்று கேட்டால் மேலும் சில. இவை கோட்டுக்குக் கீழே போக வேண்டும். தானாக வந்ததும் தூண்டி வந்ததும் கலந்துவிட்டால் வரிசைக்கு மதிப்பில்லை.

எது எத்தனை பேர் மனசில் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதற்கு ஸ்மித் எஸ் என்ற எண் உண்டு. கணக்கு எளிது. ஐந்து பெயர் சொன்னவர் பட்டியலில் முதலாவதற்கு 1, அடுத்ததற்கு 0.8, பிறகு 0.6, 0.4, 0.2. சொல்லாதவர் பட்டியலில் 0. எல்லோருக்கும் சேர்த்துச் சராசரி எடுங்கள். நான்கு பேரில் ஒருவர் ஐந்து பெயரில் இரண்டாவதாக 'லாரி' என்கிறார் (0.8), இன்னொருவர் நான்கில் முதலாவதாக (1), மூன்றாமவர் சொல்லவே இல்லை (0), நான்காமவர் ஆறில் மூன்றாவதாக (0.67) என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2.47, லாரியின் எஸ் 0.62. எக்செல்லிலேயே போட்டுவிடலாம். எல்லாப் பெயரையும் எஸ் மதிப்பின்படி இறங்குவரிசையில் வைத்தால் ஓரிடத்தில் எண் சட்டென்று விழும். பெரும்பாலும் அங்கே வெட்டி, மேலே உள்ளதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போவது வழக்கம்.

பட்டியலைச் சுத்தம் செய்யும்போதுதான் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. 'மெட்ரோ வாட்டர்', 'கார்ப்பரேஷன் தண்ணி', 'பைப் தண்ணி' மூன்றையும் ஒன்றாக்கலாமா? பெரும்பாலும் ஆக்கலாம், ஆனால் சொன்னவரிடம் கேட்டபிறகு. 'அடி பம்பு' இன்னும் ஆபத்து. வெளியூரிலிருந்து வந்தவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போர்வெல் பக்கம் சேர்த்துவிடுவார். சென்னையில் ஏராளமான வீடுகளில் அடி பம்பு மெட்ரோ வாட்டர் குழாயில் பூட்டியிருக்கிறது; குழாயில் அழுத்தம் போதாததால் அடித்து எடுக்கிறார்கள். தப்பாகச் சேர்த்தால் அந்த வீட்டின் படமே தலைகீழாகிவிடும். சந்தேகம் வந்தால் சேர்க்காமல் விடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்ததைப் பிரிப்பது கஷ்டம்.

அடுத்தது சீட்டு பிரிப்பது, பைல் சார்ட்டிங். பட்டியலில் மேலே நின்ற 20 முதல் 30 பெயர்களை விசிட்டிங் கார்டு அளவில் ஒவ்வொன்றாக எழுதி, பின்பக்கம் எண் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் போட்டோ. போட்டோ எல்லாமே ஒரே அளவு, ஒரே மாதிரி வெளிச்சம். இல்லையென்றால் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கொடுப்பதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். "எதெது ஒண்ணு சேரும்னு உங்களுக்குத் தோணுதோ அப்படி வைங்க. எத்தனை குவியல் வேணும்னாலும் இருக்கலாம். எல்லாத்தையும் ஒரே குவியலா வைக்க வேண்டாம், ஒவ்வொண்ணையும் தனித்தனியாவும் வைக்க வேண்டாம்." அவ்வளவுதான். 'தரம்', 'விலை' என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து விழுந்தால் அதை வைத்தே பிரிப்பார்கள். முடித்ததும் ஒவ்வொரு குவியலையும் தொட்டு, "இதெல்லாம் ஏன் ஒண்ணா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, எண்கள் தெரியும்படி திருப்பிப் போட்டு ஒரு போட்டோ.

25 சீட்டு என்றால் 300 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் எத்தனை சதவீதம் பேர் ஒரே குவியலில் வைத்தார்கள் என்பதுதான் அட்டவணை. அதை மல்டி டைமென்ஷனல் ஸ்கேலிங் செய்தால் ஒரு புள்ளிப்படம் கிடைக்கும்: மனசில் நெருங்கியவை பக்கத்தில், தூரமானவை தள்ளி. ஆந்த்ரோபேக், யூசிநெட், ஆர் என்று எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் செய்யலாம். படத்தோடு ஸ்ட்ரெஸ் என்று ஓர் எண் வரும். அது 0.2-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு பரிமாணத்துக்குள் தரவு அடங்கவில்லை என்று அர்த்தம். அப்போது படத்தை நம்பாமல் அட்டவணையைப் பாருங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, கடைசிக் குவியல். எங்கும் சேராததை எல்லாம் ஓரமாக ஒதுக்கி, "இதெல்லாம் மிச்சம்" என்பார். அதைக் குவியலாகவே ஏற்றிவிட்டால் மினரல் வாட்டர் கேனும் கோயில் குளமும் நெருங்கிய உறவு என்று படத்தில் வந்து நிற்கும். 'ஏன் ஒண்ணா' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத குவியலை உடைத்து, ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பதியுங்கள். இன்னொன்று, சிலர் மூன்றே குவியல் வைப்பார்கள், சிலர் பன்னிரண்டு. மூன்று வைத்தவரின் ஜோடிகள் அட்டவணையை அமுக்கிவிடும். ஆளுக்கு ஆள் ஒப்பிட வேண்டிய வேலை என்றால் குவியல் எண்ணிக்கையை நீங்களே நிர்ணயித்துவிடுவது நல்லது.

மூன்று மூன்றாகக் காட்டி 'எது வேறு?' என்று கேட்கும் முறையும் உண்டு. ஒருவரை ஒருவரோடு ஒப்பிட அது சுத்தமானது, ஆனால் சீக்கிரம் களைப்படையச் செய்யும்: 9 பொருளுக்கே எல்லாச் சேர்க்கையும் 84. ஒவ்வொரு ஜோடியும் ஒருமுறை மட்டும் வரும்படி சமன் செய்த வடிவத்தில் 12 போதும், இருமுறை வரும்படி 24. ஜார்ஜ் கெல்லி 1955-ல் கொண்டுவந்த ரெப்பர்ட்டரி கிரிட் இதே மும்மூன்றை வேறு வழியில் பயன்படுத்துகிறது. "இந்த மூணுல எந்த ரெண்டு ஒரு விஷயத்துல ஒண்ணு, மூணாவது எப்படி மாறுது?" என்று கேட்டால் 'நம்ம கையில இருக்கிறது, யார்கிட்டயோ கேட்டு வாங்குறது' என்பதுபோல இரு முனை கிடைக்கும். எல்லாப் பொருளையும் அந்த முனைகளுக்கிடையே 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லலாம். ஒரு மனிதரை ஆழமாகப் பார்க்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஊரைப் பார்க்க இது போதாது.

இவ்வளவு செய்தாலும் கையில் இருப்பது எது எதோடு சேரும் என்பது மட்டும்தான். எது எதை நகர்த்துகிறது என்று இன்னும் தெரியாது. அதற்கு வேறு வகைக் கேள்வி வேண்டும்.

வோஸ்னியாடோ, பிரூயர் இருவரும் 1992-ல் அமெரிக்கக் குழந்தைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டார்கள். 'உருண்டை' என்று பதில் வந்தது. பிறகு, "நேராகப் பல நாள் நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய்? பூமிக்கு ஓரம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். உருண்டை என்று சொன்ன குழந்தைகளிலேயே சிலருடைய பூமி உள்ளே குழிவான பந்து, சிலருடையது மேலே தட்டை, சிலருக்கு இரண்டு பூமி: நாம் நிற்பது ஒன்று, வானத்தில் உருண்டையாக இருப்பது இன்னொன்று. கற்றுக்கொண்ட பதிலை ஒப்பிக்க முடியாத கேள்விதான் படத்தை வெளியே கொண்டுவருகிறது. பின்னால் வந்தவர்கள் இதை எதிர்த்தும் எழுதினார்கள். கேள்வியை வேறு வடிவத்தில், பதில்களிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் இந்த விசித்திரப் படங்கள் பல மறைந்துவிடுகின்றன, குழப்பமான கேள்விதான் குழப்பமான படத்தை உண்டாக்கியது என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டு பக்கமும் சரி என்றே படுகிறது. ஒரே விஷயத்தை ஒரே ஒரு வகைக் கேள்வியால் எடுத்துவிட்டு 'இதுதான் மனப்படம்' என்று எழுதக்கூடாது. வரைந்தது, சொன்னது, தேர்ந்தெடுத்தது மூன்றும் ஒத்துப்போனால் எழுதுங்கள்.

நிலத்தடி நீருக்கு இந்த வகைக் கேள்விகள் எப்படி இருக்கும்? "உங்க போர் ஆழத்துக்கே பக்கத்து வீட்டுக்காரரும் போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?" "இன்னிக்கு ராத்திரி நல்ல மழை. நாளைக்குக் காலையில போர்ல தண்ணி ஏறியிருக்குமா? எப்ப ஏறும்?" "உங்க கட்டடத்துல மட்டும் மழைநீரை இறக்கி, தெருவுல வேற யாரும் செய்யலேன்னா அந்தத் தண்ணி யாருக்குப் போகும்?" "கடலோரத்துல போர் தண்ணி உப்பாச்சுன்னா உப்பு எங்கேருந்து வந்தது? ஒரு வருஷம் எடுக்காம விட்டா?" ஆறு ஓடுவதாகப் படம் வைத்திருப்பவருக்குப் பக்கத்து வீட்டுப் போர் 'ஓட்டத்துல' இல்லையென்றால் கவலையில்லை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது அவருக்கு இயல்பான அடுத்த படி. தனிச் சம்ப் படக்காரர் தன் மழை தன் போருக்கே என்பார். பூமிக்கடியை ஒரே ஈரப் பஞ்சாகப் பார்ப்பவர் தெரு முழுக்கச் சேர்ந்து செய்யாவிட்டால் பயனில்லை என்று கைவிட்டும் விடலாம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. குழாய் பல இடங்களில் இறங்கியது. அதைத் தூர்வாருவதும் வாராததும் இந்தப் படங்களைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

கேட்பதற்கு முன் சரியான பதில் அந்தத் தெருவுக்கு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டி மணல். மழை சீக்கிரம் இறங்கும், அதிகம் உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே நகரும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அங்கே நீர் இருப்பது மேலே சிதைந்த அடுக்கிலும் பாறைப் பிளவுகளிலும்தான். அதனால் 'பக்கத்துல பக்கத்துலயே ஒண்ணுல வரும், ஒண்ணுல வராது' என்று பல்லாவரத்தில் ஒருவர் சொன்னால் அது மூடநம்பிக்கை ஆகாது. அந்த இடத்தில் அவர் பார்த்த உண்மை.

செய்துகாட்டும் வகையில் எனக்கு மிகப் பிடித்தது முன்சொல்லல், பார்த்தல், விளக்கல் என்ற மூன்று படி. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் இருவரும் வகுப்பறைக்காக எழுதிய முறை. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்து எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம். தேவையானவை பேனா மாதிரி ஒரு மீட்டர், 200 மில்லி பிடிக்கும் மூன்று கண்ணாடி டம்ளர், உப்பு, சர்க்கரை, ஒரு ஸ்பூன். மூன்றிலும் அவர்கள் குடிக்கும் தண்ணீரையே ஊற்றி மீட்டரில் அளந்து எண்ணைக் காட்டுங்கள். பிறகு, "இதுல ஒரு சிட்டிகை உப்பு, அதுல ஒரு ஸ்பூன் சர்க்கரை போடப் போறேன். எண் என்ன ஆகும்?" போடுவதற்கு முன்பே பதிலைக் காரணத்தோடு எழுதி வாங்கிவிட வேண்டும். இதை விட்டால் எல்லாம் போச்சு. பார்த்தபிறகு எல்லோருக்கும் 'முன்னாடியே நினைச்சேன்' என்றுதான் தோன்றும்.

உப்பு 0.2 கிராம் விழுந்தால் எண் சுமார் 1000 ஏறும். சர்க்கரை 5 கிராம் போட்டால் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் கணக்கில் கரைந்திருக்கும். மீட்டரோ ஏறாது, கொஞ்சம் இறங்கவும் கூடும். மீட்டர் அளப்பது மின்சாரம் கடத்துவதை. சர்க்கரை அயனிகளாகப் பிரியாது. இந்த அறிவியலை நீங்கள் சொல்லக்கூடாது. மூன்றாம் படி அவருடையது: "ஏன் இப்படி?" 'சர்க்கரை சரியாக் கரையல', 'சர்க்கரை சுத்தமானது, அதனால காட்டாது', 'மீட்டர் ரிப்பேர்' என்று மூன்று விதமாகப் பதில் வரலாம். இரண்டாவது பதில் தங்கம். அவர் மனசில் டிடிஎஸ் என்பது அழுக்கின் அளவு, கரைந்தவற்றின் அளவு இல்லை என்று அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500, வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை. ஆனால் அழுக்குப் படம் வைத்திருப்பவர் 40 காட்டும் ஆர்ஓ தண்ணீரை 300 காட்டும் தண்ணீரைவிடச் சுத்தம் என்பார். கிருமியை இந்த மீட்டர் பார்ப்பதே இல்லை என்பது அவர் படத்தில் எங்கும் இடம்பெறாது. முடிந்தபிறகு உண்மையை விளக்கிவிட்டு வருவது மரியாதை. ஆனால் எல்லாக் கேள்வியும் முடிந்தபிறகு, கதவருகே.

வரையச் சொல்லும்போது கோடு போடாத ஏ4 தாளும் பேனாவும் கொடுங்கள், அழிரப்பர் கிடையாது. அடித்துத் திருத்தியது என்ன என்பதும் தரவுதான். சில நிமிடத்துக்கு ஒருமுறை பேனாவின் நிறத்தை மாற்றிக் கொடுத்தால் எதை முதலில் வரைந்தார் என்பது தாளிலேயே நிற்கும். கெவின் லிஞ்ச் 1960-ல் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மூன்று நகரங்களை மக்கள் மனசில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்தபோது பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்று ஐந்தாகப் பிரித்தார். கூவத்தைச் சிலர் எல்லையாக வரைவார்கள், சிலர் வரையவே மாட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ற உணர்வு ஒருவருக்கு இருக்கிறதா என்பதை நேர்க்கேள்வியில் எடுக்கவே முடியாது. 'எனக்கு வரைய வராது' என்பவரை வற்புறுத்தாதீர்கள். சீட்டுகளைத் தாளில் பரப்பி, நடுவே அம்புக்குறி மட்டும் போடச் சொல்லுங்கள்.

அம்புக்குறிப் படத்தில் ஒரு விதி: ஒவ்வொரு சீட்டும் கூடவோ குறையவோ கூடியதாக இருக்க வேண்டும். 'லாரி' என்று இருந்தால் அம்பு எதையும் சொல்லாது. 'தெருவுக்கு வரும் லாரி எண்ணிக்கை' என்றால் சொல்லும். 'அரசாங்கம்' என்ற சீட்டு எல்லாவற்றுக்கும் அம்பு விட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடும். "அரசாங்கம் என்ன செஞ்சா, அல்லது செய்யலேன்னா?" என்று கேட்டு உடைக்க வேண்டும். அம்பில் கூட்டல் கழித்தல் குறி, பிறகு பலமா லேசா என்று கேட்டு 0-வுக்கும் 1-க்கும் இடையே ஓர் எண். ஒவ்வொரு நேர்காணலிலும் புதிதாக எத்தனை கருத்துகள் வந்தன என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே போங்கள். கோடு படுத்துவிட்டால் நிறுத்தலாம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஃபிஷ்ஹாஃப், போஸ்ட்ரம் முதலானவர்கள் இதை ஒரு முழு நடைமுறையாக ஆக்கினார்கள். முதலில் நிபுணர்களை வைத்து எது எதைப் பாதிக்கிறது என்று ஓர் அம்புப் படம். பிறகு மக்களோடு நேர்காணல், புனல் மாதிரி: "இதைப் பத்திச் சொல்லுங்க" என்று அகலமாகத் தொடங்கி, அவர் தொட்டதையெல்லாம் "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று விரித்து, அவர் தொடாததைக் கடைசியில் மட்டும் கேட்பது. பிறகு பெரிய அளவில் சர்வே. வீட்டுக்குள் சேரும் ராடான் என்ற கதிரியக்க வாயுவைப் பற்றி 1992-ல் அவர்கள் வெளியிட்ட வேலையில், ராடான் ஒருமுறை வந்தால் வீடு நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ராடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், நான்கு நாள்கூட இல்லை. ஆனால் நிரந்தரம் என்ற படம் இருக்கும்வரை 'சோதனை செய்யுங்கள்' என்ற விளம்பரம் பயத்தைத்தான் கூட்டும். நிபுணர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: மக்கள் படத்தை அதன் குறையாகவே படிக்கத் தொடங்குவோம். நிபுணர் படத்தில் இல்லாத பெட்டிகளுக்குத் தனித் தாள் வையுங்கள். மோட்டார் போடும் வாட்ச்மேன், லாரிக்கு போன் செய்யும் செக்ரட்டரி, இவர்கள் நீரியல் படத்தில் இருக்க மாட்டார்கள். அபார்ட்மென்டின் தண்ணீர் அவர்கள் வழியாகத்தான் ஓடுகிறது.

கிடைத்தது ஊரின் படமா, ஆளாளுக்கு ஒன்றா? அதற்கு ராம்னி, வெல்லர், பேட்ச்செல்டர் 1986-ல் கொடுத்த கன்சென்சஸ் முறை இருக்கிறது. நேர்காணலில் வந்த வாக்கியங்களையே எடுத்து 'ஆமாம், இல்லை' கேள்விகளாக 30 அல்லது 40 போடுங்கள், பாதிக்கு ஆமாம், பாதிக்கு இல்லை வரும்படி. யார் யாரோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்ற அட்டவணையை மென்பொருளில் ஃபேக்டர் அனாலிசிஸ் செய்தால் ஐகன் மதிப்பு என்று சில எண்களும், ஊர்ப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று ஆளுக்கொரு மதிப்பெண்ணும் வரும். முதல் ஐகன் மதிப்பு இரண்டாவதைப்போல் மூன்று மடங்காவது இருந்து, ஒருவருக்கும் எதிர்மறை மதிப்பெண் வராவிட்டால், ஒரே படம்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றுக்குக் குறைந்தால் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர், பிளம்பர் என்று பிரித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அம்மாவிடம் கேட்கும்போது உள்ளேயிருந்து வந்து அப்பா பதில் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். "சார், உங்ககிட்டயும் தனியா ஒரு அரை மணி நேரம் வேணும், இவங்க முடிச்சதும் வரேன்" என்று சொல்லி இன்னொரு சீட்டுக் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதிவைப் பேச்சுத்தமிழிலேயே எழுதுங்கள். 'தண்ணி உள்ள இறங்குது' என்றதை 'நீர் ஊடுருவுகிறது' என்று திருத்திவிட்டால் அவர் படத்தின் மேல் உங்கள் படத்தை ஒட்டிவிட்டீர்கள். எந்த வாக்கியம் எந்தக் கருத்து என்று குறியீடு போடுவதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, ஒத்துப்போகாத இடங்களை உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது, செய்கிறவர்கள் குறைவு. நேர்காணலுக்கு முன்பே நான்கைந்து 'என்ன ஆகும்' கேள்விகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒருவரின் பட்டியல், குவியல், அம்புப் படம் எல்லாவற்றையும் வைத்து அவர் படத்தை வரைந்தபிறகு, அந்தக் கேள்விகளுக்கு அவர் என்ன சொல்வார் என்று நீங்களே எழுதி உறையில் போடுங்கள். பிறகு திரும்பப் போய்க் கேளுங்கள். தனிச் சம்ப் படம் என்று நீங்கள் முடிவு செய்த மனிதர், "பக்கத்து காலி மனையில கட்டடம் வந்தா உங்க போருக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல வேண்டும். "அவன் எடுத்தா நமக்குக் குறையும்தானே" என்று சொல்லிவிட்டால், அவர் பேச்சில் உங்களுக்குச் சம்ப் போலக் கேட்டது வேறு ஏதோ. எந்த வாக்கியத்தில் பிசகியது என்று பதிவைத் திரும்பக் கேட்டுவிட்டு, அம்புகளை மறுபடி போடுங்கள்.